வடமராட்சிப் பழைய வீடுகளுக்கு ஒரு புளொக்: டொமைன், ஹோஸ்டிங், படங்கள் எங்கயிருந்து தொடங்கிறது?

சங்கடப்படலை, கரவெட்டி

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டுப் பிளான் கீறுற வேலை செய்யிறன். அளவெடுக்கப் போற இடங்களில கண்ணில படுற, நடுமுற்றத்தைச் சுத்திக் கட்டின நாற்சார வீடு, தெருவாசலில கூரையும் திண்ணையும் வச்ச சங்கடப்படலை, மாடு உரஞ்சிற ஆவுரஞ்சிக் கல், தலைச்சுமையை இறக்கி வைக்கிற சுமைதாங்கி, கேணி எல்லாத்தையும் கனகாலமா போனில எடுத்து வச்சிருக்கிறன். கூடுதலாக் கரவெட்டி, நெல்லியடி, அல்வாய், புலோலி, உடுப்பிட்டிப் பக்கம். அதில கனக்க இப்ப இடத்தில இல்லை. ரோட்டு அகலிக்கேக்க படலை போகுது. வெளிநாட்டுப் பிள்ளையள் காசு அனுப்ப, வீடு இடிபட்டு மேல்மாடி வருது. அவையவைக்கு வசதியான வீடு தேவை, குறை சொல்ல வரேல்லை. ஆனா பனஞ்சலாகையை (பனை மரச் சட்டத்தை) கூரை வளையோட எப்பிடிப் பொருத்தினவை, முற்றத்து மழைத்தண்ணியை எந்தப் பக்கத்தால வெளிய விட்டவை, படலைத் திண்ணை என்ன உயரம் எண்டதெல்லாம் ஒரு இடத்தில எழுத்தில கிடக்கவேணும்.

முகநூலில போட்டுப் பாத்தாச்சு. சனம் விருப்பம் போடுது, நல்லாக் கதைக்குது. ஒரு கிழமை போனா அந்தப் பதிவை எனக்கே தேடி எடுக்கேலாமக் கிடக்கு. அதால சொந்தமா ஒரு புளொக் தொடங்கப் போறன். பிளான் கீறுற ஓட்டோகாட் மென்பொருளில வேலை செய்வன், ஆனா வெப்சைற் பக்கம் ஒண்டும் தெரியாது.

டொமைன், அதான் தளத்தின்ர முகவரிப் பேர், டொட் கொம் எடுக்கிறதோ, டொட் எல்கே எடுக்கிறதோ, இல்லாட்டி தமிழில டொட் இலங்கை எண்டு வருதே, அதோ? கூகிளின்ர புளொக்கர் இலவசம் எண்டினம், அது காணுமோ, இல்லாட்டி ஹோஸ்டிங், அதான் தளத்தை வைக்கிற இடம், காசுக்கு வாங்கத்தான் வேணுமோ? டவுனில ஒரு இடத்தில விசாரிச்சன். முதல் வருசம் 35,000 ரூபா, பிறகு வருசா வருசம் 18,000. "டொமைன், பாஸ்வேட் எல்லாம் நாங்களே வச்சிருப்பம், நீங்கள் படத்தையும் எழுத்தையும் தந்தாச் சரி" எண்டு சொன்னவை. எனக்குச் சுகமாத்தான் தெரியுது, ஆனா மனம் முழுக்க ஒத்துக்கொள்ளேல்லை.

மற்றது படம். ஒவ்வொண்டும் 4, 5 மெகாபைற் வருது. ஒரு வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு படமாவது போடவேணும், அதோட நான் கீறின தளவரைபடமும். வாசிக்கப் போற ஆக்களில அரைவாசி கனடா, லண்டன், மற்ற அரைவாசி இஞ்ச போனில டேற்றாப் போட்டுப் பாக்கிற சனம். எல்லாருக்கும் திறக்கவேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

திருநெல்வேலி ரீச்சர்

தம்பி, செய்யவேண்டிய வேலையைத்தான் கையில எடுத்திருக்கிறீங்கள். நான் பள்ளிக்கூடத்தில தகவல் தொழில்நுட்பம் படிப்பிச்சு ஓய்வெடுத்தனான். இப்ப கோயில், சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம் எண்டு கேக்கிற ஆக்களுக்குத் தளம் செய்து குடுக்கிறன். அதில நான் கூடக் கண்ட சிக்கல் இதுதான்: தளம் இருக்கும், டொமைன் ஆரோ ஒராளின்ர சொந்தக் கணக்கில கிடக்கும், அந்த ஆள் சுவிசுக்குப் போயிருப்பார், போன் நம்பரும் மாறியிருக்கும். அதால மற்றதெல்லாத்துக்கும் முதல் அந்தக் கடைக் கதையை எடுக்கிறன்.

டொமைனைக் காணி உறுதி மாதிரி வச்சுக்கொள்ளுங்கோ. உறுதி ஆரின்ர பேரிலயோ, வளவு அவையின்ர. நீங்கள் அதுக்குள்ள எவ்வளவு வடிவா வீடு கட்டினாலும் சரி. ஹோஸ்டிங்கை எப்பவும் மாத்தலாம், தளத்தின்ர தோற்றத்தை மாத்தலாம், ஆனா பேர் கைவிட்டுப் போனா நீங்கள் எழுதினதுக்கு ஆக்கள் குடுத்த இணைப்பெல்லாம் செத்துப்போகும். கடைக்காரர் நல்ல ஆக்களாவே இருக்கலாம். அவைக்குக் காசு குடுத்து வேலை செய்விக்கிறதிலயும் பிழையில்லை. ஆனா டொமைன் உங்கட கணக்கில, உங்கட ஈமெயிலில, உங்கட முழுப்பேரில பதிஞ்சிருக்கவேணும். அதுக்கு ஓமெண்டால் மட்டும் மேல கதையுங்கோ.

அந்தக் கணக்குக்குக் குடுக்கிற ஈமெயில் ஜிமெயில் மாதிரி வேற ஒண்டா இருக்கட்டும். வாங்கப்போற டொமைனிலயே ஈமெயில் செய்து அதைக் குடுக்காதேங்கோ. டொமைன் காலாவதியாகிற நேரம் அந்த ஈமெயிலும் நிண்டிடும், பிறகு "புதுப்பியுங்கோ" எண்டு வாற கடிதத்தை எங்க வாசிக்கிறது? டொட் கொம் பதிஞ்ச கையோட ஈமெயிலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு இணைப்பு வரும். 15 நாளுக்குள்ள அதை அமத்தாட்டித் தளத்தை நிப்பாட்டி வைப்பினம். அது விளம்பரம் மாதிரித்தான் தெரியும், குப்பைப் பெட்டிக்குள்ளயும் ஒருக்காப் பாருங்கோ. ரெண்டு கட்டப் பாதுகாப்பைப் போட்டு, அவசரத்துக்குத் தாற எண்களைக் கடுதாசியில எழுதிப் பத்திரப்படுத்துங்கோ. சிம் துலைஞ்சாலும் கணக்குத் துலையக்கூடாது.

எந்த டொமைன் எண்டால், உங்களுக்கு டொட் கொம்மும் சரி, டொட் எல்கேயும் சரி. எல்கே பதிவகம் இலங்கைக்குள்ளயே இருக்கு, ரூபாயில கட்டலாம், வெளிநாட்டுக் கொடுப்பனவுக் கரைச்சல் இல்லை. டொட் கொம் எண்டால் டெபிட் காட்டில வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கவேணும். கனக்கக் காட்டில அது பூட்டித்தான் இருக்கும், வங்கிக்கு ஒரு போன் எடுத்துச் சொன்னாத் திறந்து விடுவினம். டொட் இலங்கை 2010 இல வந்தது. எனக்கு அதில விருப்பம், தமிழில முகவரி எழுதுறது பாக்கவே சந்தோசம். ஆனா அதை மட்டும் நம்பித் தொடங்காதேங்கோ. சில இடங்களில வெட்டி ஒட்டினா, எக்ஸ்என் எண்டு தொடங்கிற விளங்காத எழுத்துச் சரமா மாறிவிழும். அதைக் கண்டா ஏதோ வைரஸ் எண்டு சனம் தொடாது. பிறகு ரெண்டாவதா எடுத்து முதல் டொமைனுக்குத் திருப்பிவிடலாம்.

பேரை ஆங்கில எழுத்தில தெரியேக்க ழகரம் வாற சொல்லைத் தவிருங்கோ. அதை ஒராள் இசட் எச் போட்டு எழுதுவார், மற்றவர் எல் போடுவார், எங்கட ஆக்கள் ஆர் எல் போடுவினம். தெரிஞ்ச பேரை ஒராளுக்குப் போனில சொல்லி, அவர் பிழையில்லாமல் எழுதுறாரோ எண்டு பாருங்கோ.

காசு விசயத்தில ஒண்டு. டொட் கொம்மை நடத்திற வெரிசைன் நிறுவனம் விற்பனை முகவர்களிட்ட வாங்கிற மொத்த விலையே 2024 செப்டெம்பரில வருசத்துக்கு 10.26 டொலராக் கூடினது. அப்ப ஒரு டொலர், ரெண்டு டொலர் எண்டு வாற விளம்பரம் முதல் வருசத்துக்கு மட்டும்தான். வாங்கிறதுக்கு முதல் புதுப்பிக்கிற விலை எவ்வளவெண்டு தேடி வாசியுங்கோ. ஒருமிக்கப் பத்து வருசம் வரைக்கும் கட்டி வைக்கலாம். முழுக்க வேண்டாம், ரெண்டு மூண்டு வருசம் கட்டினா நிம்மதி. காலாவதியாகிப் போற தமிழ்த் தளங்களின்ர பேரைச் சூதாட்டத் தளம் நடத்திற ஆக்கள் வாங்கிப் போடுறது நடக்கிற விசயம். ஒரு கோயில் வரலாற்றுத் தளத்துக்கு அப்பிடி நடந்ததை நான் கண்ணால கண்டனான். இலவசமா டொட் ரிகே தாறம் எண்டு பழைய யூரியூப் வீடியோக்களில சொல்லுவினம், அதை நம்பிப் போகாதேங்கோ. அதைக் குடுத்துக்கொண்டிருந்த ஃபிரீநொம் 2023 இல புதுப் பதிவுகளை நிப்பாட்டிப் போட்டுது. அதே மாதிரி கூகிளிட்டயே டொமைன் வாங்கலாம் எண்டு பழைய வழிகாட்டிகளில இருக்கும். அந்தச் சேவையையும் கூகிள் 2023 இல ஸ்குவெயர்ஸ்பேசுக்கு வித்திட்டுது.

ஹோஸ்டிங்குக்கு இப்ப ஒரு சதமும் குடுக்காதேங்கோ. புளொக்கரில தொடங்குங்கோ, அதில உங்கட சொந்த டொமைனைக் கொழுவுங்கோ. புளொக்கர் 1999 இல இருந்து இருக்கு, 2003 இல கூகிள் வாங்கினது. பழைய சாமான்தான், ஆனா உங்கட வேலைக்கு அது தாங்கும். வேர்ட்பிரஸ் எண்ட தளம் செய்யிற மென்பொருளை நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா அதைச் சொந்த ஹோஸ்டிங்கில வச்சா, அதைப் புதுப்பிக்கவேணும், அதில சேக்கிற சொருகிகளை (மேலதிக வசதி தாற துணை மென்பொருளை) புதுப்பிக்கவேணும், காப்புப்பிரதி எடுக்கவேணும், ஆரும் உடைச்சு உள்ளுக்கு வராமல் பாக்கவேணும். எழுதத் தொடங்காத ஆளுக்கு உந்தப் பாரம் எதுக்கு? நீங்கள் வீடு வீடாப் போய் அளவெடுக்கவேண்டிய நேரம் அதில போயிடும்.

பிறகு வேர்ட்பிரஸுக்குப் போறதெண்டாலும் வழி இருக்கு. புளொக்கர் பதிவு முகவரியில வருசம், மாசம், பதிவின்ர பேர், கடைசியில எச்ரிஎம்எல் எண்டு வரும். வேர்ட்பிரஸிலயும் அதே அமைப்பை நிரந்தர இணைப்பு அமைப்பில குடுக்கலாம். டொமைனும் அதே, பாதையும் அதே எண்டால் பழைய இணைப்பு ஒண்டும் உடையாது. சொந்த டொமைன் இல்லாமல், புளொக்கர் இலவசமாத் தாற புளொக்ஸ்பொட் முகவரியிலயே எழுதிக்கொண்டு போனா இது ஏலாது. அதுக்காகத்தான் முதல் நாளே டொமைன் எண்டு சொல்லுறன்.

கொழுவுற விதம்: புளொக்கர் அமைப்புகளில தனிப்பயன் டொமைன் எண்ட இடத்தில டபிள்யூ டபிள்யூ டபிள்யூவோட உங்கட பேரைக் குடுங்கோ. அது ரெண்டு சீநேம் பதிவு (ஒரு பேரை இன்னொரு பேருக்குக் காட்டிவிடுற குறிப்பு) காட்டும். ஒண்டு ஜிஎச்எஸ் டொட் கூகிள் டொட் கொம்முக்குப் போறது, மற்றது உங்களுக்கெண்டே தாற நீளமான சரம். ரெண்டையும் டொமைன் வாங்கின இடத்தில டிஎன்எஸ் (பேர் எந்தச் சேர்வருக்குப் போறதெண்டு சொல்லுற பட்டியல்) பக்கத்தில போடவேணும். டபிள்யூ இல்லாமல் அடிக்கிற ஆக்களுக்காக நாலு ஏ பதிவும் (பேரை எண் முகவரிக்குக் காட்டிவிடுறது) போடுங்கோ: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. சில நேரம் பத்து நிமிசத்தில வேலை செய்யும், சில நேரம் ஒரு நாள் ரெண்டு நாள் எடுக்கும். அதுக்குள்ள பதறி ஒண்டையும் மாத்தாதேங்கோ. படத்தைப் பற்றிப் பின்னேரம் எழுதுறன், அது பெரிய விசயம்.

கம்பஸ் பொடியன், கோண்டாவில்

அண்ணை, ரீச்சர் சொன்னதோட டொமைன் விசயத்தில நூறு வீதம் உடன்பாடு. ஆனா ஹோஸ்டிங்குக்கு கிற்ஹப் பேஜஸ் எண்ட சேவையையும் ஒருக்காப் பாருங்கோ. அதுவும் இலவசம், சொந்த டொமைன் கொழுவலாம், எச்ரிரிபிஎஸ் எண்ட பாதுகாப்பான இணைப்புத் தானா வரும். ஹியூகோ எண்ட மென்பொருளில பதிவை எழுதிப் போட்டா வெறும் எச்ரிஎம்எல் பக்கமா வெளிய வரும். உடைக்க அங்க ஒண்டும் இல்லை, புதுப்பிக்கிற தலையிடியும் இல்லை. முக்கியமா உங்கட எழுத்து முழுக்க உங்கட கொம்பியூட்டரிலயே சாதாரணக் கோப்பாக் கிடக்கும். நாளைக்கு எந்த நிறுவனம் மூடினாலும் வேற இடத்தில ஏத்தலாம்.

எல்லை எண்டால், ஒரு தளம் 1 ஜிகாபைற்றுக்கு மேல போகக்கூடாது, மாசத்துக்குச் சுமார் 100 ஜிகாபைற் போக்குவரத்து. படத்தைச் சின்னனாக்கிப் போட்டா அது தாராளம்.

திருநெல்வேலி ரீச்சர்

பொடியன் சொன்னது நல்ல வழி, எழுத்து உங்கட கொம்பியூட்டரில கிடக்கும் எண்டது பெரிய விசயம். ஆனா தம்பி வேலைத்தளத்தில நிண்டு போனில ஒரு பிழையைத் திருத்தவேணும் எண்டால் அது கஸ்டம். முதல் இருபது முப்பது பதிவு வரட்டும், பிறகு யோசிக்கலாம். புளொக்கரிலயும் அமைப்புகளுக்குள்ள காப்புப்பிரதி எடுக்கிற வழி இருக்கு, அதால பதிவு முழுக்க இறக்கி வைக்கலாம். மாசத்துக்கு ஒருக்கா எடுங்கோ.

இனிப் படம்.

போனில எடுத்த மூலப்படத்தை ஒருக்காலும் குறைக்காதேங்கோ, அழிக்காதேங்கோ. அதை அப்பிடியே ஒரு வெளி வன்தட்டில, இன்னொரு பிரதியை வேற ஒரு வீட்டில வையுங்கோ. ஈரமும் கறையானும் எங்கட ஊரில என்ன செய்யும் எண்டு பழைய வீடு பாக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீடு இடிஞ்சா திரும்பப் போய் எடுக்கேலாது. தளத்தில போடுறது அதின்ர சின்னப் பிரதி.

12 மெகாபிக்சல் போன் படம் 4000க்கு 3000 பிக்சல் வரும். புளொக்கில பாக்கிற ஆளின்ர திரையில அதின்ர காவாசிதான் தெரியும். அகலத்தை 1200 பிக்சலாக் குறைச்சு, ஜேபெக்கில தரம் 75, 80 அளவில சேமிச்சா கூடுதலான படம் 150 இல இருந்து 300 கிலோபைற்றுக்குள்ள அடங்கும். பன்னிரண்டு படம் 50, 60 மெகாபைற் வாறது மூண்டு மெகாபைற் அளவுக்கு இறங்கும். டேற்றாக் காட் போட்டுப் பாக்கிற ஆளுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஸ்கூஷ் எண்டு கூகிள் ஆக்கள் செய்த இலவசக் கருவி உலாவியிலயே வேலை செய்யும், படம் உங்கட கொம்பியூட்டரை விட்டு வெளிய போகாது. இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு எண்டு பக்கத்தில பக்கத்தில காட்டும். சுண்ணாம்புச் சுவரின்ர வெடிப்பு, பனஞ்சலாகையின்ர நார் தெளிவாத் தெரியுதோ எண்டு பாத்துப் பாத்துக் குறையுங்கோ. வெப்பி எண்ட வடிவத்தில சேமிச்சா இன்னும் சின்னனா வரும், இப்பத்தைய உலாவியெல்லாம் அதைக் காட்டும்.

வட்ஸ்அப்பால படம் வாங்கி அதையே போடாதேங்கோ. சாதாரணமா அனுப்பினா அது படத்தை நசிச்சுத்தான் அனுப்பும். வீட்டுக்காரரிட்ட பழைய கலியாணப் படமோ, வீடு கட்டின காலத்துப் படமோ கேட்டா, ஆவணமா அனுப்பச் சொல்லுங்கோ, அப்ப முழுசா வரும். கையில கிடைச்சா நீங்களே ஸ்கான் பண்ணுங்கோ. சின்னப் படமெண்டால் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. கண்ணாடிச் சட்டத்துக்க இருக்கிற படத்தைக் கழட்டாமல் எடுக்கவேண்டி வந்தா, பளிச்சு வெளிச்சம் போடாமல், சன்னலுக்குப் பக்கத்தில வச்சு, கொஞ்சம் சரிவா நிண்டு எடுங்கோ.

நான் மிச்சம் கவலைப்படுற விசயம் இதுக்குப் பிறகுதான் வருது. போனில எடுக்கிற படத்துக்குள்ள, இட அமைவு திறந்திருந்தா, எடுத்த இடத்தின்ர அகலாங்கும் நெட்டாங்கும் பதிஞ்சு கிடக்கும். ஆளில்லாத பழைய வீடு, உள்ளுக்கு மரக் கதவு, செதுக்கின தூண், பித்தளைச் சாமான். அந்தப் படத்தை இடக்குறிப்போட போட்டா, களவெடுக்க வாறவனுக்கு வழி சொல்லிக் குடுத்த மாதிரிப் போகும். விண்டோசில கோப்பை வலப்பக்கம் அமத்தி, பண்புகளுக்குள்ள விபரம் எண்ட பகுதிக்குப் போனா, அடியில தனிப்பட்ட தகவலை நீக்கிற இணைப்பு இருக்கு. ஏத்திற பிரதியில அதைச் செய்யுங்கோ, மூலத்தில விடுங்கோ. மூலத்தில இடமும் திகதியும் இருக்கிறது பிற்காலத்தில ஆராயிற ஆக்களுக்கு உதவும். எழுத்திலயும் ஊரின்ர பேரோட நிப்பாட்டுங்கோ, ஒழுங்கை வரைக்கும் போகவேண்டாம்.

படத்தின்ர கோப்புப் பேரைப் போன் தாற எண்ணோட விடாதேங்கோ. ஊர், என்ன சாமான், எடுத்த வருசம் எண்டு ஆங்கில எழுத்தில, நடுவில சின்னக் கோடு போட்டு வையுங்கோ. தமிழில வச்சா இஞ்ச வேலை செய்யும், ஒரு சேர்வரில இருந்து இன்னொண்டுக்கு மாத்தேக்க சிதறும் ஆபத்து இருக்கு. மாற்று உரை எண்டு ஒரு பெட்டி வரும், அதைத் தமிழில நிரப்புங்கோ. கண் தெரியாத ஆக்களுக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிச்சுக் காட்டும், கூகிளும் அதை வச்சுத்தான் கனக்க விளங்கிக்கொள்ளும். "பழைய வீடு" எண்டு எழுதினாக் காணாது. "அல்வாயில ஒரு சங்கடப்படலை, ரெண்டு பக்கமும் திண்ணை, மேல ஓட்டுக் கூரை" எண்டு எழுதுங்கோ.

ஸ்காபரோவிலிருந்து

தம்பி, நான் நெல்லியடி. நாப்பது வருசத்துக்கு மேலா ரொரன்ரோவில. நீங்கள் நினைச்சிருக்கிற வாசகரில நானும் ஒராள் எண்டபடியா எழுதுறன்.

இஞ்ச இன்ரநெற் வேகம், படம் பெரிசா இருந்தாலும் எங்களுக்குத் திறக்கும். அதால ஊர்ச் சனத்தை நினைச்சே செய்யுங்கோ. எங்களுக்கு வேணுமெண்டது தளவரைபடம். என்ர பிள்ளையளுக்கு "முற்றம் வீட்டுக்கு நடுவில இருந்தது" எண்டு சொன்னா விளங்காது, கீறிக் காட்டினா விளங்கும். அதை அமத்தினா பெரிசா வாற மாதிரிப் போடுங்கோ.

மற்றது, எங்கட அம்மம்மா வீடு போல கனக்க வீடுகளுக்கு உரித்துக்காரர் நாலு நாட்டில. ஒராள் ஓமெண்டுவார், மற்றவர் கோவிப்பார். படம் போட முதல் ஒராளிட்டயாவது கேட்டுப் போடுங்கோ, சாமியறை, படுக்கையறை வேண்டாம். கேட்டா கூடுதலான ஆக்கள் சந்தோசமாத்தான் சொல்லுவினம். பழைய படமும் எடுத்துத் தருவினம்.

சங்கடப்படலை, கரவெட்டி

எல்லாருக்கும் பெரிய நன்றி. கடைக்காரரிட்டப் போய் "டொமைன் என்ர கணக்கில தாறீங்களோ" எண்டு கேட்டன். ஏலாதெண்டினம். அதோட விட்டிட்டு நானே டொட் கொம் ஒண்டு வாங்கினன், வங்கிக்குப் போன் எடுக்கத்தான் வேண்டி வந்தது. ஈமெயில் உறுதிப்படுத்தல் குப்பைப் பெட்டிக்குள்ளதான் கிடந்தது ரீச்சர்!

ஸ்காபரோ ஐயா, வரைபடம் கட்டாயம் போடுவன். கேட்டுத்தான் போடுவன், அதுக்கெண்டு ஒரு சின்னச் சம்மதக் கடிதமும் எழுதி வச்சிருக்கிறன்.

இன்னும் சில கேள்வி. வரைபடத்தை ஜேபெக்கில போட்டுப் பாத்தன், கோட்டுக்குப் பக்கத்தில அழுக்கு மாதிரி வருது. என்ர பழைய குறிப்பெல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்சது, ஒட்டினா ஆங்கில எழுத்துக் குவியலா வருது. பதிவின்ர தலைப்பைத் தமிழில குடுத்தா முகவரியில தலைப்பே வரேல்லை, வெறும் புளொக்போஸ்ட் எண்டு வருது. கடைசியா, தளம் திறக்குது, ஆனா "பாதுகாப்பில்லை" எண்டு மேல காட்டுது.

திருநெல்வேலி ரீச்சர்

நல்லது தம்பி, பாரமான பகுதி முடிஞ்சுது.

கோட்டு வரைபடத்துக்கு ஜேபெக் பொருந்தாது. அது படிப்படியா நிறம் மாறுற போட்டோவுக்கெண்டு செய்தது, கூரான கறுப்புக் கோட்டுக்குப் பக்கத்தில அழுக்கை விடும். பிஎன்ஜியில எடுங்கோ. வெள்ளை, கறுப்பு, ரெண்டு மூண்டு நிறம்தான் எண்டால், சேமிக்கேக்க நிறங்களை 16 ஆகக் குறையுங்கோ, ஸ்கூஷிலயே அதுக்கு ஒரு அமைப்பு இருக்கு. கோப்பு நல்லாச் சின்னனாகும், கோடும் கூரா இருக்கும். அகலம் 2000 பிக்சல் வரைக்கும் விடலாம், ஐயா கேட்ட மாதிரிப் பெரிசாக்கிப் பாக்க அது காணும். போனில பாக்கிற ஆக்களை நினைச்சு அளவு எழுதுற எழுத்தை ஓட்டோகாட்டில வழமையை விடப் பெரிசா வையுங்கோ.

பாமினியை, இப்ப எல்லா இடமும் பாவிக்கிற யூனிகோட் எழுத்து முறைக்கு மாத்த ஒரு மாற்றி தேவை. பாமினி யூனிகோட் மாற்றி எண்டு தேடினா கனக்க வரும், ஒட்டினா மாத்தித் தரும். மாத்தின பிறகு ஒருக்கா முழுக்க வாசியுங்கோ. நடுவில அடிச்ச ஆங்கிலச் சொல்லும் அளவுக் குறியீடும் தமிழெழுத்தா மாறிப்போயிருக்கும். உங்களுக்கு அடி, அங்குலக் குறியெல்லாம் வாறபடியா அதை மட்டும் தனியாச் சரிபாருங்கோ. இனிமேல் நேர யூனிகோட்டிலயே அடியுங்கோ. பாமினி விசைப்பலகைப் பழக்கம் கையில இருந்தா, அதே அமைப்பில யூனிகோட் அடிக்கிற மென்பொருளும் இருக்கு.

முகவரிக்கு, பதிவை வெளியிட முதல் வலப்பக்கத்தில நிரந்தர இணைப்பு எண்டதைத் திறந்து, தனிப்பயன் எண்டதைத் தெரிஞ்சு, ஆங்கில எழுத்தில ஊரும் சாமானும் குடுங்கோ. புளொக்கர் தமிழெழுத்தை அதில எடுக்காது. வெளியிட்ட பிறகு மாத்தினாப் பழைய இணைப்பு உடையும், அதால முதலே செய்யுங்கோ. நாளைக்கு வேர்ட்பிரஸுக்குப் போனாலும் இதே பழக்கத்தை வச்சிருங்கோ. அது தமிழை எடுக்கும், ஆனா ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரிக்குள்ள ஒன்பது எழுத்தா விரியும். அங்க பதிவின்ர பேருக்கு 200 எழுத்துத்தான் இடம், அப்ப இருபத்திரண்டு குறியோட தலைப்பு வெட்டுப்படும். கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாத்தான் எண்ணுப்படும், அதால ரெண்டு மூண்டு சொல்லே தாண்டாது.

பழைய படம் ஆரின்ரயும் எடுத்தா, எடுத்தவர் ஆர், தந்தவர் ஆர் எண்டு கீழ எழுதுங்கோ. எங்கட நாட்டில 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படத்துக்கும் பொருந்தும், இன்ரநெற்றில கிடந்தது எண்டதுக்காக எடுக்கேலாது. உங்கட படத்தை மற்ற ஆக்கள் பாவிக்கலாம் எண்டு நீங்கள் விரும்பினா, கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில சிலதை விக்கிமீடியா கொமன்ஸிலயும் ஏத்துங்கோ. தளத்துக்கு என்ன நடந்தாலும் அந்தப் படம் அங்க நிக்கும். ஒவ்வொரு பதிவையும் வெளியிட்டவுடன அதின்ர முகவரியை இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிற இன்ரநெற் ஆர்கைவின்ர வேபேக் மெசினில குடுத்துச் சேமிச்சு விடுங்கோ, ஒரு நிமிச வேலை. போதிய அளவு சேர்ந்த பிறகு நூலகம் நிறுவனத்தோடயும் ஒருக்காக் கதையுங்கோ. 2005 இல இருந்து எங்கட ஆவணங்களை எண்ணிமப்படுத்திச் சேத்துக்கொண்டு வருகினம். யாழ்ப்பாண நூலகம் 1981 இல எரிஞ்ச பிறகும் ஒரு பிரதி ஒரே இடத்தில மட்டும் கிடக்கிறதை நாங்கள் எப்பிடிப் பாத்துக்கொண்டிருக்கிறது?

"பாதுகாப்பில்லை" எண்டது சின்ன விசயம். அமைப்புகளில எச்ரிரிபிஎஸ் கிடைக்கும் நிலை எண்டதைத் திறந்து விடுங்கோ. சான்றிதழ் எடுத்து முடிய நேரம் எடுக்கும், சில நேரம் ஒரு நாள். முடிஞ்ச பிறகு அதுக்குக் கீழ இருக்கிற எச்ரிரிபிஎஸ் திருப்பிவிடலையும் திறவுங்கோ. முதலே திறந்தா தளம் திறக்காமல் நிக்கலாம். நாளைக்குப் பின்னேரமும் அப்பிடியே காட்டினா, டிஎன்எஸ் பக்கத்தை ஒரு படம் எடுத்து இதில போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.